கட்டடத்துக்குள் நெட்வொர்க் கேபிள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை வீடு, கடை, பள்ளி, கிடங்கு என்று பலவகைக் கட்டடங்களில் நெட்வொர்க் கேபிள் போடும் தொழிலில் இருக்கிறேன். எங்கே போனாலும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ரூட்டரும், பல கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் சில ஆண்டுகளில் மாறிவிடும். சுவருக்குள் போன கேபிளும் பைப்பும் கட்டடத்தோடு இருக்கும். ஆகவே பணமும் கவனமும் முதலில் சுவருக்குள் போகும் பொருளுக்குத்தான் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் எல்லாம் அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இப்போது எல்லாமே வைஃபைதானே? சுவரை உடைத்து ஒயர் இழுக்க வேண்டிய அவசியம் என்ன?

வைஃபை கொடுக்கும் கருவிக்கே ஒரு கேபிள் போயாக வேண்டும். வாசல் அறையில் வைத்த ஒரே ரூட்டரின் அலை, ராயபுரத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டிப் பின்கட்டு வரை ஒழுங்காகப் போய்ச் சேராது. நடுவில் இன்னொரு கருவியை வைத்து அதையும் வைஃபையிலேயே இணைத்தால், வாங்கிய அலையையே திருப்பி அனுப்புவதில் வேகத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். அந்த இரண்டாவது கருவிக்கு ஒரு கேபிள் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பேச முடியும். தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையில் நிற்பதைப் போல ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டுக் கருவிகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. டிவி, மேசைக் கணினி, கேமரா, பில் போடும் இயந்திரம் போல இடம் மாறாத பொருள்களைக் கேபிளில் இணைத்துவிடுங்கள். கையில் எடுத்துப் போகும் பொருள்களுக்கு வைஃபை தாராளமாகக் கிடைக்கும்.

"ஸ்ட்ரக்சர்டு கேபிளிங்" என்று கொட்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் போடும் ஒயரிலிருந்து அது எந்த விதத்தில் வேறு?

முதல் வேறுபாடு பாதையில் இருக்கிறது. மின்சாரத்தில் ஒரு பிளக்கிலிருந்து அடுத்த பிளக்குக்கு ஒயரைத் தாவவிடலாம். இங்கே அப்படிச் செய்யக்கூடாது. ஒவ்வொரு பாயிண்டிலிருந்தும், அதாவது சுவரில் கேபிள் செருகும் இடத்திலிருந்தும், ஒரு முழுக் கேபிள், நடுவில் வெட்டோ ஒட்டோ இல்லாமல், நெட்வொர்க் கருவிகளை மாட்டும் பெட்டியான ராக் இருக்கும் இடத்துக்கு நேராக வர வேண்டும். அங்கே பேட்ச் பேனலில், அதாவது வரிசையாகச் சாக்கெட்டுகள் உள்ள பலகையில், முடியும். சுவரில் இருக்கும் முனை சாக்கெட்டில் முடியும். இரண்டுக்கும் நடுவே இருப்பதைப் பிறகு யாரும் அசைப்பதில்லை. மாற்றம் எது வேண்டுமானாலும் இரு முனையிலும் உள்ள குட்டிக் கேபிள்களை, அதாவது பேட்ச் கார்டுகளை, மாற்றிச் செருகினால் போதும்.

இதற்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 568 என்ற எண் கொண்ட தர விதி 1991இல் வந்தது. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 11801 என்ற விதி இருக்கிறது. நீளம், வளைவு, முனை கட்டும் முறை, சோதனை எல்லாவற்றுக்கும் அவற்றில் அளவு உண்டு. அந்த அளவுகளுக்குள் நிற்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். கொட்டேஷனில் பேட்ச் பேனலும் சோதனை அறிக்கையும் இல்லையென்றால், பெயர் எதுவாக இருந்தாலும் அது வெறும் ஒயர் இழுப்புதான்.

கொடுங்கையூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்த பிறகு சொன்னால் போதுமா சார்?

போதாது. தளம் போடக் கம்பி கட்டும் நாளிலேயே சொல்லுங்கள். நம் ஊரில் மின்சாரப் பைப்புகளைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிகளுக்கு நடுவே படுக்க வைப்பார்கள். அதே நேரத்தில் நெட்வொர்க்குக்கும் தனிப் பைப் படுக்க வைத்துவிட்டால் செலவு மிகக் குறைவு. பிறகு செய்தால் சுவரில் காடி வெட்டி, மறுபடி பூசி, பெயின்ட் அடித்து என்று வேலை மூன்று மடங்காகும்.

பைப் 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதில் கேட் 6 கேபிள் (கேட் என்பது கேபிளின் தர வகை, கீழே விளக்கியிருக்கிறேன்) நான்கு தாராளமாகப் போகும். பைப்பின் உள்பரப்பில் சுமார் 40 சதவிகிதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது விதி. இரண்டு இழுவைப் பெட்டிகளுக்கு நடுவே 90 டிகிரி வளைவுகள் இரண்டுக்கு மேல் வரக்கூடாது. மூன்றாவது வளைவு தவிர்க்க முடியாததானால் நடுவில் ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். முழங்கை போல் சட்டென்று திரும்பும் எல்போவைத் தவிர்த்து, நீளமாக வளையும் பெண்டைப் போட வேண்டும். கேபிளின் தடிமனைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் அதை வளைத்தால், உள்ளே முறுக்கப்பட்டிருக்கும் ஜோடிகளின் அமைப்பு கெட்டுவிடும்.

ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், கேபிள் இழுத்த பிறகும்கூட. கான்கிரீட் ஊற்றும் முன்பும், பூசும் முன்பும் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படங்கள் உதவும். கேபிளில் பணத்தைச் சேமிக்க நினைப்பவர்களிடம்கூட நான் சொல்வது: கேபிளை அடுத்த வருடம் போடலாம், பைப்பை மட்டும் இன்றே போட்டுவிடுங்கள்.

எத்தனை பாயிண்ட் வைப்பது? பையன் ஒன்று போதும் என்கிறான், இன்ஜினியர் இருபது என்கிறார்.

மேசை வரக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும், டிவிக்குப் பின்னாலும் இரண்டிரண்டு. ஒவ்வொரு தளத்திலும் கூரையின் நடுவே வைஃபை கருவிக்கு ஒன்று. தெருவாசல், பின்வாசல், மொட்டைமாடிப் படி ஆகியவற்றில் கேமராவுக்கு ஒவ்வொன்று. அழைப்பு மணிக்கு அருகே ஒன்று. இந்தக் கணக்கில் இரண்டு அறை வீட்டுக்கே பத்துக்கு மேல் வரும், அது அதிகமில்லை. ஒரு கேபிள் இழுத்தாலும் இரண்டு இழுத்தாலும் உழைப்புக்கும் பைப்புக்கும் அதே செலவுதான், இரண்டாவது கேபிளுக்கு ஆகும் கூடுதல் தொகை சிறியது.

பலரும் மறக்கும் பைப் ஒன்று உண்டு: வெளியிலிருந்து இணைய இணைப்பு உள்ளே வரும் பைப். நம் தெருக்களில் ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள், கம்பத்திலிருந்து தொங்கி மொட்டைமாடி வழியாகத்தான் வருகிறது. பைப் வைக்காத வீட்டில் அவர்கள் ஜன்னல் சட்டத்தில் துளைபோட்டு விடுவார்கள். மாடியிலிருந்து ராக் வரை ஒரு பைப் போட்டு, அதன் வெளிவாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். மழைநீர் உள்ளே இறங்காது.

கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கடைக்காரர் கேட் 8 வரை சொல்கிறார். எதை வாங்குவது?

கேட் 5இ 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் கொடுக்கும். 2016இல் வந்த விதிப்படி, பொருத்தமான கருவிகள் இருந்தால் அதிலேயே 2.5 ஜிகாபிட்டும் கேட் 6இல் 5 ஜிகாபிட்டும் ஓடும். 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6 சூழ்நிலையைப் பொறுத்து 37 முதல் 55 மீட்டர் வரைதான் தாங்கும். கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் தாங்கும்.

வீட்டுக்கும் கடைக்கும் கேட் 6 போதும். வீட்டுக்குள் எந்தக் கேபிளும் 50 மீட்டரை எட்டுவதில்லை. மருத்துவமனை, கல்லூரி, பல மாடி அலுவலகம் என்றால் கேட் 6ஏ போடச் சொல்வேன். அது தடிமனானது, வளைய மறுக்கும், பைப்பும் பெரிதாக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். கேட் 8 என்பது சர்வர் அறைகளுக்காக, 30 மீட்டருக்குள் ஓடுவதற்காக வந்தது. வீட்டுக்கு அதை வாங்குவது வீண். அந்தப் பணத்துக்குக் கூடுதலாக நான்கு பாயிண்ட் வைக்கலாம்.

305 மீட்டர் கேட் 6 பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. கம்பெனி பெயரும் அச்சிட்டிருக்கிறது. வாங்கலாமா?

பாதி விலை என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் உலோகத்தை. அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு ஏற்றிய கேபிள் சந்தையில் ஏராளமாகப் புழங்குகிறது. பெட்டியின் மூலையில் சி.சி.ஏ. என்று சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. எந்தத் தர விதியும் இதைக் கேட் 6 என்று ஏற்பதில்லை. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகக் கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது அந்தத் தடை வெப்பமாக மாறும், முனையில் மின்னழுத்தம் குறைந்து இரவில் கேமரா அணைந்து அணைந்து இயங்கும். இரண்டு முறை வளைத்தால் ஒடியும். பூச்சு சுரண்டப்பட்ட இடத்தில் உப்புக்காற்று பட்டால் சீக்கிரம் அரிக்கும்.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்பதால் எடை வேறுபாடு கையிலேயே தெரியும். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதி. 100 மீட்டர் நீளத்தில் ஒரு கம்பியின் தடை 9.38 ஓமைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்ட கேபிளில், ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுமுனையில் அளந்து பாருங்கள். 40 மீட்டர் கேபிளானால் ஏழரை ஓமுக்கு மேல் காட்டக்கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அலுமினியக் கேபிளை வாங்கி வைத்துவிட்டு "இழுத்து மட்டும் கொடுங்கள்" என்றால் அந்த வேலையை எடுக்க மாட்டேன். சுவருக்குள் போன பிறகு அதன் தொல்லையை வீட்டுக்காரர்தான் பல வருடம் சுமக்கிறார்.

மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து இழுத்தால் என்ன? பைப்பில் இடம் இருக்கிறதே.

இடம் இருந்தாலும் கூடாது. முதல் காரணம் உயிர். 230 வோல்ட் ஒயரின் உறை எங்காவது தேய்ந்து இந்தக் கேபிளைத் தொட்டால், அந்த மின்சாரம் கணினியைத் தொடும் கைக்கு வரும். இரைச்சல், வேகக்குறைவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். லிஃப்ட் மோட்டார், தண்ணீர் மோட்டார், பழைய சோக் வைத்த ட்யூப்லைட் இவற்றின் மேல் படாமல் பாதையைத் திருப்புங்கள். இரண்டும் ஒரே சுவிட்ச் பெட்டியில் இருந்தாக வேண்டுமானால் நடுவே தடுப்புள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணடியில் பாட்டன் காலத்து வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ், சுவர் சுண்ணாம்புக் காரை. முதல் மாடியில் கணினி வகுப்பு நடத்துகிறோம். சுவரை வெட்டலாமா?

வெட்ட வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவரில் அரவை இயந்திரம் வைத்துக் காடி வெட்டினால் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். சுவரின் குறுக்கே, அதாவது கிடைமட்டமாக, நீளக் காடி வெட்டுவது சுவரின் பலத்தையே குறைக்கும். தேக்கு உத்தரத்திலும் குறுக்குக் கட்டைகளிலும் துளை போடவே கூடாது. அவற்றின் மேல்தான் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த முழுத் தளமும் நிற்கிறது.

இத்தகைய வீடுகளுக்குச் சுவரின் மேலேயே ஓடும் கேசிங் கேப்பிங்தான், அதாவது மூடி போட்ட பட்டைக் குழாய்தான், சரி. உத்தரத்துக்கு அடியில் சுவர் ஓரமாகவோ, தரைக்கு மேல் அரை அடி உயரத்திலோ நேர்க்கோட்டில் ஓட்டினால் பார்வைக்கும் உறுத்தாது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகப் பழைய காற்றுத் துளைகளும் கதவு மேல் ஜன்னல்களும் இருக்கின்றன. புதுத் துளை தேவைப்படுவது அபூர்வம். வெளிச்சுவரில் துளை போட்டே ஆக வேண்டுமானால், வெளிப்பக்கம் சற்றுக் கீழே சரியும்படி போட்டு, கேபிளைத் தொங்கவிட்டு வளைத்து உள்ளே நுழையுங்கள். மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கணினி வகுப்புக்கு ஒரு மேசை வரிசைக்கு ஒரு கேபிள் என்று சுருக்காதீர்கள். இருபது மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை இறக்கும் இடம் அது.

காசிமேட்டில் கடலுக்கு எதிரிலேயே கடை. எதைப் போட்டாலும் துருப்பிடித்துவிடுகிறது. கேபிளும் துருப்பிடிக்குமா?

கேபிளின் உறை நன்றாக இருக்கும்வரை உள்ளே ஒன்றும் ஆகாது. கெடுவது முனைகள். சாக்கெட்டுக்குள் இருக்கும் எட்டு ஊசிகளும் தங்க முலாம் பூசியவை. மலிவான சாக்கெட்டில் அந்த முலாம் பெயரளவுக்குத்தான் இருக்கும். 50 மைக்ரோ இன்ச் முலாம் என்று குறித்திருப்பதை வாங்குங்கள். மூடி உள்ள சாக்கெட் முகப்பு போடுங்கள். பயன்படுத்தாத துளைகளை அடைத்து வையுங்கள்.

வெளிச்சுவரில் ஓடும் கேபிள் வெயிலுக்கென்று செய்த கறுப்பு பாலிஎத்திலீன் உறை கொண்டதாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளை வெளியில் விட்டால் சில கோடைகளிலேயே வெடித்துவிடும். வெடித்த இடத்தில் உப்புநீர் இறங்கும். கேமராவின் இணைப்பை வெறுமனே டேப் சுற்றி விடாமல், நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். ராக்குக்குப் பவுடர் கோட்டிங் செய்த தகடு, திருகுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு. விலை சற்றுக் கூடும், ஆனால் கடல் பக்கத்தில் வேறு வழியில்லை.

வருடா வருடம் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது. ராக்கை எங்கே வைப்பது? பாயிண்ட் எவ்வளவு உயரத்தில்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெய் கலந்த நீரே வீடுகளுக்குள் புகுந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் பழைய நீர்க்கறை எங்கே இருக்கிறது என்று கேட்பேன். அந்தக் கறைக்கு மேல் குறைந்தது இரண்டு அடி தள்ளித்தான் தரைத்தளத்தில் எந்தப் பாயிண்டும் வர வேண்டும். வழக்கமான ஓர் அடி உயரம் நம் பகுதிக்குப் பொருந்தாது. நான்கு அடியில் வைத்தால் மேசைக்கு மேலேயே வந்து செருகவும் வசதியாகும். கேபிளும் தரையில் ஓடாமல் மேலே கூரை வழியாக வந்து இறங்கட்டும்.

ராக் முதல் மாடியில் இருக்க வேண்டும். மாடி இல்லையென்றால் சுவரில் தலைக்கு மேல் மாட்டும் 6யு அல்லது 9யு பெட்டி போதும் (யு என்பது ராக்கின் உயர அளவு). படிக்கட்டுக்கு அடியில் வைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அங்கேதான் தண்ணீர் மோட்டாரும் இருக்கும், காற்றும் வராது, வெள்ளமும் முதலில் அங்கேதான் வரும். குளியலறைச் சுவரும் வேண்டாம். மே மாத வெயிலில் மேல்மாடிச் சிறு அறை சூளையாகிவிடுவதால் மொட்டைமாடி அறையும் சரிவராது.

ஏற்கெனவே நீரில் மூழ்கிய கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம் என்பேன். முனை மூழ்கியிருந்தால் நீர் உறைக்குள் வெகுதூரம் ஊறிப்போயிருக்கும். இன்று ஓடும், மெல்ல மெல்லக் கெடும். பைப் இருந்தால் அதே கயிற்றில் புதுக் கேபிளை ஒரு நாளில் இழுத்துவிடலாம். பைப்பை இன்றே போடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

எலி கடிக்காத கேபிள் இருக்கிறதா?

இரும்பு உறை போர்த்த கேபிள் இருக்கிறது. எல்லா இடத்துக்கும் அது கட்டுப்படியாகாது. பைப்பின் வாய்களை எஃகு நாரும் சிமென்டும் வைத்து அடையுங்கள். கிடங்கு, உணவுக் கடைகளில் தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை இரும்புப் பைப் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் மேல் கேபிளை வெறுமனே பரப்பி வைப்பது எலிக்கு விருந்து வைப்பதுதான்.

மணலியில் எங்கள் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி 80 மீட்டர். 100 மீட்டருக்குள் வருகிறதே, செம்புக் கேபிளே போதும்தானே?

அந்த 100 மீட்டர் என்பது சுவருக்குள் போகும் 90 மீட்டரும், இரு பக்கப் பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டரும் சேர்ந்த கணக்கு. உங்கள் 80 மீட்டர் தரையில் அளந்தது. கேபிள் ராக்கிலிருந்து கூரைக்கு ஏற வேண்டும், தூண்களைச் சுற்ற வேண்டும், மறுமுனையில் இறங்க வேண்டும். கூட்டினால் 90ஐத் தாண்டிவிடும். தாண்டிய கேபிளில் முதல் நாள் நெட் வரும். வெயில் ஏறி கேபிள் சூடானதும் தடுமாறத் தொடங்கும்.

நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கலாம், ஆனால் அங்கே மின்சாரம், தூசி, பூட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மறுகோடியில் இரண்டுக்கு மேற்பட்ட கருவிகள் இருந்தால் ஃபைபர் இழுத்து அங்கே ஒரு சிறிய ராக் வைப்பதே நல்லது. சிங்கிள் மோடு ஃபைபராகப் போடுங்கள். கிலோமீட்டர் கணக்கில் போகும். நாளை வேகம் கூட்ட இரு முனைக் கருவியை மட்டும் மாற்றினால் போதும்.

பள்ளியில் இரண்டு கட்டடம், நடுவே இருபது மீட்டர்தான். மேலே ஒரு கேபிளை வீசிக் கட்டினால் ஆகாதா?

தூரம் இங்கே பிரச்சினையில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் எர்த் வேறு வேறு. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு வரலாம். நடுவே ஓடும் செம்புக் கேபிள் அதற்குப் பாலமாகிவிடும். நெட்வொர்க் முனையில் உள்ள பாதுகாப்பு 1500 வோல்ட் சோதனைக்குத்தான் செய்யப்பட்டது. ஒரே இடியில் இரு பக்கச் சுவிட்சுகளும் கணினிகளும் சேர்ந்து போய்விடும்.

கட்டடத்துக்குக் கட்டடம் போகும்போது எப்போதும் ஃபைபர், அதிலும் உலோகக் கம்பி இல்லாத ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்டே வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் கரண்ட் எங்கிருந்து வரும்?

அதே நெட்வொர்க் கேபிளில்தான் வரும். பி.ஓ.இ. என்பார்கள். 2003இல் வந்த முதல் விதி ஒரு பாயிண்டுக்கு 15.4 வாட் கொடுத்தது. 2009இல் 30 வாட். 2018இல் 60, 90 வாட் வகைகள் வந்தன. சாதாரணக் கேமராவுக்கு முதல் வகையே போதும். பெரிய பயன் மின்வெட்டில் தெரியும்: ராக்கில் ஒரு யு.பி.எஸ். வைத்துவிட்டால் எல்லாக் கேமராவும் வைஃபையும் சேர்ந்து ஓடும்.

இங்கே கவனிக்க வேண்டியது வெப்பம். பி.ஓ.இ. ஓடும் கேபிள்களைக் கட்டாகக் கட்டும்போது ஒரு கட்டில் 24க்கு மேல் போகாதீர்கள். நைலான் டையால் இறுக்காமல் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். அலுமினியக் கேபிளில் இது ஏன் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன்.

நிறம் கட்டுவதில் ஏ, பி என்று இரண்டு முறை உண்டாம். எது வேகம்?

இரண்டும் ஒரே வேகம். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறுவது மட்டுமே வேறுபாடு. நம் ஊரில் பெரும்பாலும் பி முறை. கட்டடம் முழுவதும் ஒரே முறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்கை எவ்வளவு பிரிக்கிறோம் என்பதுதான் உண்மையில் முக்கியம்: முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் ஜோடியைப் பிரிக்கக்கூடாது. அழகாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் நீவி நேராக்கிப் பிறகு செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு அங்குலத்தில்தான் ஜோடிக்கு ஜோடி சிக்னல் கசிகிறது.

ஒரே கேபிளில் எட்டு கம்பி இருக்கிறதே, நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுக்கலாமா அண்ணா?

100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் பிரித்தாலும் ஓடும். ஆனால் ஒரு ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பிரித்த கேபிள் அந்த வேகத்தை எப்போதும் பார்க்காது. அந்த முனையில் ஐந்து துளைச் சுவிட்ச் ஒன்றை வைத்தால் இரண்டு கணினிக்கும் முழு வேகம் கிடைக்கும்.

எங்கள் பட்டறையில் வெல்டிங் மிஷின் ஓடுகிறது, பக்கத்திலேயே ரயில் பாதை. ஷீல்டு கேபிள் போட வேண்டுமா?

ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பி சுவருக்கு வெளியே தள்ளித்தானே இருக்கிறது, சாதாரணக் கேபிளுக்கு அதனால் தொல்லை வராது. வெல்டிங் மிஷினும் பெரிய மோட்டாரும் வேறு கதை. அவற்றின் ஒயர் ஓடும் பாதையில் நம் கேபிளும் ஓடினால் இரைச்சல் ஏறும். முதல் மருந்து இடைவெளி. அது முடியாதபோதுதான் ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றி உலோகத் தாள் போர்த்திய கேபிள்.

ஷீல்டு கேபிள் போட்டால் சாக்கெட், பேட்ச் பேனல், பேட்ச் கார்டு எல்லாமே ஷீல்டு வகையாக இருந்து, ராக் சரியாக எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். எர்த் இல்லாத ஷீல்டு பலன் தராது. சில நேரங்களில் இரைச்சலைத் தானே வாங்கிச் சேர்க்கும். பட்டறையின் எர்த் நம்பும்படி இல்லையென்றால், மிஷின் பக்கம் போகும் ஒரு பாதைக்கு மட்டும் ஃபைபர் போட்டுவிடுவதே எளிது.

அடுக்குமாடி சங்கம் கேட்கிறது: ஷாஃப்ட்டில் (குழாயும் ஒயரும் தளம் தளமாக ஏறும் செங்குத்துச் சந்து) எல்லாக் கம்பெனிக்காரரும் கேபிள் போட்டுக் குப்பையாகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் செத்த கேபிள்களை வெட்டி எடுங்கள். பாதிக்கு மேல் அவைதான் இருக்கும். பிறகு தளத்துக்குத் தளம் ஒரு டிரே போட்டு, சங்கத்தின் செலவிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபைபர் இழுத்துக் கீழே ஒரு பெட்டியில் முடித்துவிட்டால், எந்தக் கம்பெனி வந்தாலும் அந்தப் பெட்டியோடு நிறுத்திவிடலாம். ஒவ்வொரு தளத்திலும் ஷாஃப்ட் துளையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். திறந்த ஷாஃப்ட் தீப்பிடித்தால் புகைபோக்கியாக மாறிக் கீழ்த்தளப் புகையை மேல்வீடுகளுக்குக் கொண்டுபோகும். கேபிள் உறையும் குறைந்த புகை வெளியிடும் வகையாக இருக்கட்டும்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, நெட்டும் வருகிறது. இதற்கு மேல் என்ன சோதனை?

எட்டு விளக்கு எரிந்தால் எட்டு கம்பியும் வரிசையாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். ஜோடி மாற்றிக் கட்டியிருந்தாலும் விளக்கு எரியும். வேகம் மட்டும் வராது. சான்றிதழ் கொடுக்கும் சோதனைக் கருவி ஒவ்வொரு கேபிளின் நீளம், இழப்பு, ஜோடிக்கு ஜோடி கசிவு, எதிரொலிப்பு எல்லாவற்றையும் அளந்து தேர்ச்சியா தோல்வியா என்று சொல்லும். அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்றால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் அந்த அறிக்கையைக் கேளுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

வீட்டில் அந்தச் செலவு வேண்டாமென்றால், ஒவ்வொரு பாயிண்டிலும் மடிக்கணினியைச் செருகி இணைப்பு வேகம் 1 ஜிகாபிட் என்று காட்டுகிறதா பாருங்கள். 100 மெகாபிட் என்று காட்டினால் நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று சேரவில்லை. அப்போதே முனையைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டிலும் பேட்ச் பேனலிலும் ஒரே எண் எழுதியிருக்க வேண்டும்: தளம், அறை, பாயிண்ட் என்று. பேனாவால் எழுதியது அழிந்துவிடும். அச்சிட்ட லேபிள் வேண்டும். அந்த எண்களோடு ஒரு வரைபடத்தை ராக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு இரண்டு அறையில் வேகம் விழுந்துவிட்டது. கேபிள் சுவருக்குள் வெட்டுப்பட்டிருந்தால் நடுவில் ஒட்டுப் போடலாமா?

முதலில் மேலே சொன்ன வேகச் சோதனை. இரண்டு அறையிலும் 100 மெகாபிட் காட்டினால், சீலிங் சட்டத்தின் திருகு கேபிளைக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். நீளம் அளக்கும் சோதனைக் கருவி உடைந்த இடம் ராக்கிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று காட்டிவிடும். கட்டும்போது எடுத்த படங்கள் இருந்தால் சீலிங்கில் எந்தச் சதுரத்தைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முறுக்கி டேப் சுற்றும் ஒட்டு எந்த நிலையிலும் கூடாது. பைப்பில் கயிறு இருந்தால் பழைய கேபிளை உருவிவிட்டுப் புதிதாக இழுப்பதுதான் சரி; இழுக்கும்போது விசை 11 கிலோவுக்கு மேல் போகாமல், ஒருவர் இழுக்க ஒருவர் மறுமுனையில் ஊட்டிக்கொடுக்க வேண்டும். பைப்பே இல்லாமல் பூச்சுக்குள் புதைத்த கேபிளானால், வெட்டுப்பட்ட இடத்தில் மூடியுள்ள ஒரு சிறு பெட்டி வைத்து, இரண்டு முனைகளையும் கேட் 6 இணைப்புப் பெட்டியில் முறைப்படி பஞ்ச் செய்து, அதாவது கருவியால் கம்பிகளை அழுத்திப் பதித்து, மூடலாம். அந்தப் பெட்டி பிறகும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அதன் எண்ணையும் ராக் கதவில் ஒட்டிய வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.